“நம்மால் என்ன ஆகும்?”

(அம்பத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்றைய கூட்டத்தில் மனோதத்துவ சாஸ்திரத்தைச் சேர்ந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கின்றோம். மனோதத்துவம் என்ற பெயரைக் கேட்டவுடன், இது பட்டம் பெற்றவர்களுக்குச் சம்பந்தப்பட்ட சங்கதி என்று பின்வரிசையிலிருப்பவர்கள் எழுந்து போய்விட வேண்டியதில்லை. நாமும் பெரிய படிப்புப் படித்தவரல்ல. பழைய புத்தகக் கடைகளிலும் வாசகசாலைகளிலும் அகப்பட்டதைப் படித்து, விளங்காததை விளங்கியவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதுதான் நமது படிப்பெல்லாம். நமக்கு விளங்கின விஷயம் உங்களுக்கு விளங்காமற் போவதற்கு நியாயமில்லை.

நமது பக்கத்தில் காலை முதல் இரவு வரையில் காதில் விழும் ஒரு வார்த்தை உண்டு. அதாவது, “நம்மால் என்னங்க ஆகும்?” என்பதாகும். அதைப் பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் கேட்கலாம். ஆவடி மார்க்கெட்டிலும் கேட்கலாம். இந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டீக்கிளாஸும் கையுமாக நிற்கின்றவர்கள் வாயிலும் கேட்கலாம். தெருவில் சாக்கடை வழிந்தால் நம்மால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் வீட்டிற்குள் தண்ணீர் புகுந்தால் நம்மால் என்ன ஆகும்? காண்டிராக்டர் பிடித்தம் போக மிச்சத்தைக் கொடுத்து, கணக்குக் கேட்டால் நாளை முதல் வர வேண்டாமென்று சொன்னால் நம்மால் என்ன ஆகும்? பெண்ணுக்கு வரன் அமையாவிட்டால் ஜாதகம். அமைந்து அவள் கஷ்டப்பட்டால் அதுவும் ஜாதகம். இந்த வார்த்தையைச் சொல்லுகின்றவர்கள் சோம்பேறிகளா என்று பார்த்தால் அதுவுமில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடி, கால் வீங்க நின்று வேலை செய்கின்றவர்கள்தான் இதை அதிகமாகச் சொல்லுகின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகின்றவர்கள் வாயில் இது அவ்வளவாக வருவதில்லை. இது ஏன் என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா?

நமது வாழ்வில் நடக்கின்ற காரியத்திற்கு நாமும் ஒரு காரணம் என்கின்ற உணர்ச்சி ஒருவனுக்கு எவ்வளவு இருக்கின்றது, எவ்வளவு இல்லை என்பதை அரிசி பருப்பைப் போல நிறுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டால், ஏறக்குறைய முடியும் என்று அறுபது வருஷ காலமாக மனோதத்துவக்காரர்கள் சொல்லி வருகின்றார்கள்.

1966-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜூலியன் ராட்டர் என்ற ஆசிரியர் இதற்கென்று ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அதில் 29 ஜோடி வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கும். இரண்டில் எது உனக்குச் சரியென்று படுகின்றதோ அதைக் குறி என்பதுதான் கட்டளை. அவற்றில் 6 ஜோடிகள், கேள்வி எதைப் பற்றியது என்று சுலபத்தில் கண்டுகொள்ளாமலிருப்பதற்காகச் சேர்த்த ஒப்புக்குச் சப்பாணிகள். மிச்சம் 23-க்குத்தான் மார்க்கு. நமது ஊருக்குத் தகுந்தபடி நாமே ஒரு ஜோடி செய்து காட்டுவதானால், “வேலை நிலைப்பது அவனவன் தொழில் சுத்தத்தைப் பொறுத்தது” என்பது ஒன்று. “வேலை நிலைப்பதும் போவதும் அவனவன் நேரத்தைப் பொறுத்தது” என்பது மற்றொன்று. முதல் தினுசையே குறித்துக் கொண்டு போகின்றவன், கடிவாளம் தன் கையிலிருப்பதாக நினைக்கின்றவன். இரண்டாவது தினுசைக் குறிக்கின்றவன், கடிவாளம் வெளியில் எங்கேயோ இருப்பதாக நினைக்கின்றவன்.

ஜோடியாகக் கேட்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பேண்ட் சட்டை போட்டுக் கொண்டு, கையில் காகிதமும் பேனாவுமாக ஒருவன் வந்து, “உங்கள் வாழ்க்கை உங்கள் கையில்தானே இருக்கின்றது?” என்று கேட்டால் நம்மவர்கள் “ஆமாங்க” என்பார்கள். அவனே சற்று நேரம் கழித்து, “எல்லாம் தலையெழுத்துப்படிதானே நடக்கின்றது?” என்று கேட்டால் அதற்கும் “ஆமாங்க” என்பார்கள். இதை மடமை என்று நினைக்கக்கூடாது. பரம்பரை பரம்பரையாக மேலே இருப்பவனிடம் “இல்லை” என்று சொல்லி அடி வாங்கினவர்கள் கற்றுக்கொண்ட ஜாக்கிரதை இது. எவனுக்குச் சக்தி மிகவும் குறைவோ அவன்தான் எல்லாவற்றிற்கும் ஆமாம் போடுவான். ஆகவே, கேள்வி கேட்கப் போகின்றவன் அந்த “ஆமாங்க”வையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

ராட்டருக்குப் பின் 1970-களில் ஹன்னா லெவன்சன் என்ற அம்மையார் ஒரு திருத்தம் செய்தார். வெளியில் இருக்கின்றது என்றால் வெளியில் எங்கே என்று அந்த அம்மையார் கேட்டார். குருட்டு அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கின்றது என்பவன் வேறு. பலம் படைத்த மனிதர்களின் கையில் இருக்கின்றது என்பவன் வேறு. இருவரையும் ஒரே மூட்டையில் கட்டலாமா என்பது கேள்வி. அதனால் அவர் தான், பெரியவர்கள், அதிர்ஷ்டம் என்று மூன்று தட்டுகள் வைத்து, தட்டுக்கு 8 வாக்கியங்களாக 24 வாக்கியங்களைக் கொண்டு அளந்தார். நமது அபிப்பிராயத்தில் இந்தத் திருத்தம் முதல் கண்டுபிடிப்பைவிட உசத்தியானது. ஏனென்றால், “எல்லாம் விதி” என்பவன் உட்கார்ந்து விடுவான். “எல்லாம் முதலாளி கையில், தாசில்தார் கையில், கட்சிக்காரன் கையில்” என்பவன் உட்கார வேண்டியதில்லை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வழியுண்டா என்று அவன் என்றைக்காவது ஒரு நாள் யோசிக்கக்கூடும்.

இந்த இடத்தில் பக்கத்திலுள்ள திருவேற்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கருமாரியம்மன் கோயிலுக்கு வேண்டுதல் செய்யப் போகின்றவர்களையெல்லாம் விதியை நம்புகின்றவர்கள் என்று நம்மில் சிலர் நினைக்கின்றார்கள். சற்று நிதானித்துப் பார்த்தால் அப்படியல்ல என்பது தெரியும். விதி என்றால் மாற்ற முடியாதது. மாற்ற முடியாததற்கு எலுமிச்சம்பழ மாலை எதற்கு? வேண்டுதல் செய்கின்றவன் மாற்றலாம் என்று நம்புகின்றான். தன்னால் மாற்ற முடியாது, பெரிய இடத்தில் சொல்லி மாற்றலாம் என்று நம்புகின்றான். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் மனுவோடு நிற்பவனுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசம், அங்கே மனு, இங்கே தேங்காய் என்பதுதான். மனோதத்துவக்காரர்களும் இதைக் கவனித்திருக்கின்றார்கள். வியாதி குணமாவது தன் கையிலா, டாக்டர் கையிலா, அதிர்ஷ்டத்திலா என்று அளந்து வந்த வால்ஸ்டன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1999-ல் கடவுளுக்கென்று தனியாக ஒரு தட்டையே சேர்த்தார்கள். பக்தர்கள் சந்தோஷப்படலாம்! ஆனால், அந்தத் தட்டில் கனம் ஏறியவர்கள் மாத்திரையை நிறுத்தாமலிருக்க வேண்டுமே என்பதுதான் நமது கவலை.

பாஷையினால் வரும் சங்கடமும் ஒன்று உண்டு. இங்கிலீஷில் ஒரே வார்த்தையால் சொல்லி விடுவதற்குத் தமிழில் நாம் எந்த வார்த்தையைப் போடுவது? “உங்களுக்குச் சக்தி இருக்கின்றதா?” என்று கேட்டால் கிழவர்கள் முட்டிவலியைச் சொல்லுகின்றார்கள், பெண்கள் அம்மன் பெயரைச் சொல்லுகின்றார்கள். “அதிகாரம் இருக்கின்றதா?” என்றால், “நாங்க என்ன ஆபீசருங்களா?” என்கின்றார்கள். “செல்வாக்கு” என்றால் கட்சிக்காரர்களுக்கு மட்டும் உள்ள சொத்து என்று அர்த்தமாகிவிட்டது. தொழிற்பேட்டைப் பக்கத்து டீக்கடையில் நாமே இந்த மூன்று வார்த்தைகளையும் கேட்டுப் பார்த்தோம். கடைசியில் பதில் வாங்கித் தந்தது “உங்க பேச்சு எடுபடுமா?” என்கின்ற கேள்விதான். அதைக் கேட்டவுடன் அங்கிருந்த ஒரு நடுவயதுத் தோழர் சிரித்து, “வீட்டிலயா, கம்பெனியிலயா, ரேஷன் கடையிலயா? இடத்தைச் சொல்லிக் கேளுங்க” என்றார்.

அவர் சொன்னதுதான் இந்த சாஸ்திரத்திலேயே முக்கியமான சங்கதி. ஒருவனுக்குத் தன் சொந்தக் காரியத்திலுள்ள பலம் வேறு. நாலு பேர் மத்தியில் அவன் வார்த்தைக்குள்ள பலம் வேறு. சர்க்காரையும் சமுதாயத்தையும் அசைக்கலாம் என்கின்ற பலம் வேறு. 1983-ல் டெல்ராய் பவுல்ஹஸ் என்பவர் இந்த மூன்றையும் தனித்தனியாகவே அளக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்தார்.

இது நமக்குப் புதிதுமல்ல. பூந்தமல்லியில் பிறந்ததாகச் சொல்லப்படும் திருக்கச்சி நம்பியின் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். காஞ்சிபுரத்துப் பெருமாளோடு நேருக்கு நேர் பேசுவார், பெருமாளும் பதில் சொல்லுவார் என்று அவருக்கு அவ்வளவு பெருமை சொல்லுகின்றார்கள். இராமானுஜரே அவரைக் குருவாக நினைத்து வீட்டிற்குச் சாப்பிட அழைத்தாராம். ஆனால், அதே கதையில் அவர் சாப்பிட்டுப் போனவுடன், தாழ்ந்த ஜாதியார் உட்கார்ந்த இடமென்று வீட்டு அம்மாள் கழுவி மெழுகித் தலை முழுகினாள் என்றும் வருகின்றது. கதை நடந்ததோ இல்லையோ, நமக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கடவுளோடு பேசும் சக்தி படைத்தவருக்கும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்கும் சக்தி இல்லாமலிருந்தது என்று கதை எழுதினவர்களே ஒப்புக்கொள்ளுகின்றார்கள். அவரிடம் ராட்டர் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் எத்தனை மார்க்கு வாங்கியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

நம் காலத்துச் சங்கதிக்கு வருவோம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் ஏற்பட்டது. 1965-ல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியில் வந்தது. அப்படிப்பட்ட இயந்திரத்தைக் கழற்றி மாட்டுகின்ற தொழிலாளியிடம், “உன் கைவேலையில் உனக்கு நம்பிக்கை உண்டா?” என்று கேட்டால், கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பான். ஆனால் 2021-ல் சர்க்கார் பீரங்கி, டாங்கி, வெடிமருந்துத் தொழிற்சாலைகளையெல்லாம் கம்பெனிகளாக மாற்ற முடிவு செய்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தத் தொழில்களில் வேலைநிறுத்தம் கூடாதென்று அந்த வருஷமே சட்டம் வந்தது. அக்டோபர் 1 முதல் மாற்றமும் நடந்தது. அதே தொழிலாளியிடம், “உன்னைப் போன்றவர்கள் சொன்னால் சர்க்கார் கேட்குமா?” என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? இந்த இரண்டாவது கேள்வியைப் போன்ற கேள்விகளைத்தான் அமெரிக்காவில் 1952-ம் வருஷத்துத் தேர்தலின்போது வோட்டர்களிடம் கேட்டு, 1954-ல் புத்தகமாகவும் போட்டார்கள். இன்று பல தேசங்களில் தேர்தல் ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டு வருவது அதன் வழிவந்ததேயாகும்.

சொந்த பலமும் சமுதாய பலமும் வேறு வேறு என்பதை மறந்து விட்டால் பெரிய அநியாயம் நேரும். எப்படியென்றால், 1969-ல் பட்ரீஷியா குரின் என்ற அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களைப் பற்றி ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். கறுப்பர்கள் முன்னுக்கு வராததற்குக் காரணம் அவர்களுடைய முயற்சிக் குறைவா, அல்லது வெள்ளையர்கள் செய்து வைத்த ஏற்பாடா என்ற கேள்விக்கு, “ஏற்பாடுதான்” என்று சொன்னவர்களை ராட்டர் கணக்குப்படி பார்த்தால், கடிவாளத்தை வெளியில் பார்க்கின்ற பலவீனர்கள் என்று ஒதுக்க வேண்டியதாகும். ஆனால், உரிமைக் கிளர்ச்சியில் முன்வந்து கலந்துகொண்டவர்கள் யார் என்று பார்த்தால், அந்த “ஏற்பாடுதான்” என்று சொன்ன மாணவர்களே அதிகமாக இருந்தார்கள்! தன் மேல் பழியைப் போட்டுக்கொள்ளுகின்றவன் வீட்டிலேயே உட்கார்ந்தான். குற்றம் இருக்குமிடத்தைச் சரியாகக் கண்டவன் தெருவுக்கு வந்தான். ஆகவே, வெளியில் காரணம் சொல்லுகின்றவனெல்லாம் கோழையல்ல. அவன் சொல்லும் காரணம் கிரகமா, மனிதனா என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சரி, இந்த உணர்ச்சி பிறவியிலேயே சிலருக்குக் குறைவா என்றால், அதற்கும் பரீட்சை செய்திருக்கின்றார்கள். 1967-ல் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் செலிக்மன், மேயர் என்ற இருவர் நாய்களைக் கொண்டு பார்த்தார்கள். சில நாய்களுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்து, ஒரு பலகையை மூக்கால் தள்ளினால் அது நின்றுவிடும்படி செய்தார்கள். வேறு சில நாய்களுக்கு அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால், என்ன செய்தாலும் தாங்களாக நிறுத்த முடியாது. பிறகு எல்லா நாய்களையும், சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் கூட்டம் தாண்டி ஓடிற்று. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் படுத்து முனகின. அவற்றிற்கு எதிரில் தின்பண்டம் வைத்தும் ஆகவில்லை. கழுத்தில் கயிற்றைக் கட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பலமுறை இழுத்து, தாண்டினால் வலி நிற்கின்றது என்பதை அவற்றின் கால்களுக்கே தெரியும்படி செய்த பிறகுதான் தாங்களாகத் தாண்டின. வாயில்லாப் பிராணிகளை இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் வாயுள்ள பிராணிகளை நாம் எத்தனை நூறு வருஷம் அந்தப் பெட்டியில் வைத்திருந்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு விசேஷம். ஐம்பது வருஷம் கழித்து 2016-ல் அதே இருவரும் மூளையைப் பற்றிய புதிய ஆராய்ச்சிகளைப் பார்த்துவிட்டு, தங்கள் பழைய முடிவைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கையாலாகாத்தனத்தைப் பிராணி கற்றுக் கொள்ளுவதில்லையாம். நீடித்த வலி வந்தால் ஒடுங்குவதுதான் இயற்கையாம். நம்மால் முடியும் என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியதாம். தாங்கள் எழுதினதைத் தாங்களே மாற்றுகின்ற இந்தக் குணம் எந்தப் புராணக்காரனிடத்தில் உண்டு?

மனிதர்களிடத்தில், அதுவும் நமது தேசத்தில், செய்த பரீட்சையைக் கேளுங்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பெண்மணிகள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் 6, 7-ம் வகுப்புப் பையன்கள் 642 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேர் உயர்ந்த ஜாதி என்று சொல்லிக்கொள்ளுகின்றவர்கள். பாதிப் பேர் தாழ்த்தப்பட்டவர்கள். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்ப்படங்களைக் கொடுத்து, போட்டு முடிக்கின்ற ஒவ்வொன்றுக்கும் காசு என்று சொன்னார்கள். ஜாதியைப் பற்றி மூச்சு விடாதபோது இரண்டு கூட்டத்தாரும் ஒன்றுபோலவே போட்டார்கள். அடுத்தபடியாக வேறு பையன்களைக் கூட்டி, ஒவ்வொருவன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர், ஜாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுப் படத்தைக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட பையன்களின் கணக்கு மடமடவென்று இறங்கிவிட்டது. புத்தி அதே புத்தி, படம் அதே படம், காசு அதே காசு. வாசித்தது மாத்திரமே புதிது.

அதோடும் அவர்கள் நிறுத்தவில்லை. காசு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம் என்று வைத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இதன் அர்த்தம் என்ன? மனிதன் கையால் கொடுக்கின்ற கூலி நமக்கு நியாயமாக வராது, சீட்டுக்கு ஜாதி தெரியாது என்று அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது என்பதல்லவா? அதிர்ஷ்டத்தை நம்புகின்றவனைப் பார்த்து இதுவரையில் நாம் சிரித்து வந்தோம். எஜமானனைவிட அதிர்ஷ்டம் யோக்கியன் என்று ஒருவன் நினைக்கும்படியாக எஜமானன் நடந்து கொண்டானா என்பதையும் இனிமேல் பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

இனி, இந்தக் காலத்தில் புதிதாகக் கிளம்பியிருக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்லுகின்றோம். மண்டபம் பிடித்து, பெரிய விளக்குப் போட்டு, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, “உன் வெற்றி உன் கையில்! மனம் வைத்தால் எதுவும் முடியும்!” என்று கத்துகின்றவர்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டார்கள். தொழிற்சாலைகளிலும் காண்டிராக்ட் தொழிலாளிகளைக் கூட்டி உட்கார வைத்து இதே பாடம் நடத்துகின்றார்கள். கூலி உயராததற்குக் காரணம் உன் தலையெழுத்து என்று ஜோசியன் சொன்னான். உன் மனப்பான்மை என்று இவன் சொல்லுகின்றான். இரண்டு பேர் சொல்வதிலும் கூலி கொடுக்கின்றவன் பெயர் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்!

மனப்பயிற்சியினால் ஒன்றுமே ஆகாதா என்றால், அதையும் பரீட்சித்துப் பார்த்தாகிவிட்டது. 1964-ல், அதாவது நமது அம்பத்தூர் தொழிற்பேட்டை ஏற்பட்ட அதே வருஷத்தில், டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்கர் ஐதராபாத்துச் சிறுதொழில் பயிற்சி நிலையத்தோடு சேர்ந்து, ஒரு காலத்தில் நமது சென்னை ராஜதானியிலேயே இருந்த காக்கிநாடாவிலிருந்து வியாபாரிகளைக் கொண்டுவந்து, பத்து நாள் அளவில் இந்த மாதிரிப் பயிற்சி கொடுத்தார். இரண்டொரு வருஷம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெற்றவர்கள் புதிதாகத் தொழில் தொடங்குவதிலும் ஆள் சேர்ப்பதிலும் அதிகச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். 1969-ல் அவரும் டேவிட் வின்டர் என்பவரும் எழுதிய புத்தகத்தில் இது இருக்கின்றது. அதே புத்தகத்தில் மண்டபக்காரர்கள் சொல்லாத ஒரு சங்கதியும் இருக்கின்றது. பலன் தெரிந்ததெல்லாம் கடையில் தாமே முடிவு செய்யும் இடத்தில் இருந்தவர்களிடத்தில்தான். தகப்பனுக்கோ அண்ணனுக்கோ கீழே இருந்து, சொன்னதைச் செய்து கொண்டிருந்தவர்களுக்கு அதே பத்து நாள் பாடத்தினால் ஒரு மாறுதலும் காணவில்லை. கையில் திருப்புவதற்குச் சாவி உள்ளவனுக்குத்தான் “திருப்பு” என்ற உபதேசம் பயன்பட்டது.

சாவியில்லாமை மனதோடும் நிற்பதில்லை; உடம்பையும் பிடிக்கின்றது. இங்கிலாந்தில் 1967 முதல் டாக்டர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பட்டினி கிடக்கின்றவர்கள் அங்கே யாருமில்லை. அப்படியிருந்தும், உச்சியிலிருந்த அதிகாரிகளைவிட அடிப்படியிலிருந்த சேவகர்கள் மாரடைப்பினால் மூன்று மடங்குக்கு மேல் செத்தார்கள். புகையிலை, கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் கணக்குத் தீரவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சியில், தன் வேலையைத் தான் எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்று கண்டார்கள். மூத்திரம் போவதற்குக் கூடச் சூப்பர்வைசர் தலையாட்ட வேண்டுமென்றிருக்கும் இடத்தில் நிற்கின்ற பெண்களைப் பற்றி டாக்டர்கள் எழுதாவிட்டாலும் நமக்குத் தெரியாதா?

பெண்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகின்றோம். நமது சர்க்கார் 1992-93 முதல் தேசிய குடும்ப நல ஆய்வு என்று ஒன்று நடத்தி வருகின்றது. அதில் பெண்களிடம், உன் உடம்புக்கு வைத்தியம் பார்ப்பதை யார் முடிவு செய்கின்றார்கள், வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்குவதை யார் முடிவு செய்கின்றார்கள், தாய் வீட்டுக்குப் போவதை யார் முடிவு செய்கின்றார்கள், கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போகலாமா என்றெல்லாம் கேட்கின்றார்கள். “உனக்குப் பலம் இருக்கின்றதா?” என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். ஏனென்றால் இது மனதைக் கேட்கவில்லை. சாவி யாரிடம் என்று கேட்கின்றது. தோழர்கள் வீட்டுக்குப் போய் இந்த நான்கு கேள்விகளையும் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் அடுத்த அறைக்குப் போன பிறகு வேறு ஒருவரைக் கொண்டு கேட்கச் சொன்னால் இன்னும் விசேஷம்.

ஆல்பர்ட் பண்டூரா என்பவர் 1977-ல், ஒருவனுக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எவ்வெவற்றினால் வளருகின்றது என்று வரிசைப்படுத்தினார். முதலிடம், தானே செய்து ஜெயித்துப் பார்த்த அனுபவத்திற்கு. இரண்டாமிடம், தன்னைப் போன்ற ஒருவன் செய்ததைக் கண்ணால் பார்ப்பதற்கு. பேச்சைக் கேட்பதற்கு மூன்றாமிடம்தான். ஆகவே, நம்மைப் போன்ற பிரசங்கிகள் ஒன்றும் அதிகமாகத் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியதில்லை!

கண்ணால் பார்ப்பதற்கு மேற்கு வங்காளத்தில் ஒரு சாட்சியம் உண்டு. அங்கே 495 கிராமங்களில் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைமை இரண்டு தேர்தலுக்குத் தொடர்ந்து பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட ஊர்களில், எதிர்காலத்தைப் பற்றிப் பையன்களுக்கு இருக்கும் ஆசைக்கும் பெண் குழந்தைகளுக்கு இருக்கும் ஆசைக்கும் நடுவிலுள்ள பள்ளம் 32 சதவிகிதம் தூர்ந்து போயிற்று. யாரும் போய் அந்தக் குழந்தைகளுக்கு உபதேசம் செய்யவில்லை. ஊர்த் தலைவர் நாற்காலியில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

தானே செய்து பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூந்தமல்லி ஒன்றியத்திலேயே குத்தம்பாக்கம் இருக்கின்றது. கள்ளச்சாராயத்திற்கும் ஜாதிச் சண்டைக்கும் பெயர் போன ஊராக இருந்தது. 1996-ல் இளங்கோ என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இன்ஜினியர் உத்தியோகத்தை விட்டு வந்து அங்கே பஞ்சாயத்துத் தலைவரானார். ஊர்க்காரர்களைக் கிராம சபையில் உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லி, உள்ளூர் ஆட்களைக் கொண்டே வேலை செய்தார். கிரானைட் பட்டறையில் ஒதுக்கின துண்டுக் கற்களைப் போட்டு வாய்க்கால் கட்டியது முறைப்படி இல்லையென்று மேலே இருந்தவர்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தபோது, ஊர் கூடி அவர் பக்கம் நின்றது. உத்தரவு போன வழியே திரும்பிற்று. பிறகு அந்த ஊரில் சமத்துவபுரம் கட்டும்போது வீடுகளை இரட்டை வீடுகளாகக் கட்டி, நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஆதிதிராவிடர் குடும்பம், அந்தப் பக்கம் வேறு ஜாதிக் குடும்பம் என்று குடியேற்றினார்கள். அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடினதையும், மேலே இருந்து வந்த உத்தரவு தங்கள் கூட்டத்தினால் திரும்பினதையும் பார்த்தவனிடம் போய், “உங்க பேச்சு எடுபடுமா?” என்று கேட்டால் வருகின்ற பதில் வேறாகத்தான் இருக்கும்.

கிராமசபை இப்போது வருஷத்தில் ஆறு நாள் கூடுகின்றது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை கொடுக்கின்றோம். அடுத்த கிராமசபைக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் தெருவில் பத்து வீட்டில் இரண்டே கேள்வி கேளுங்கள். “நீங்கள் ஒருத்தர் மட்டும் போய்ச் சொன்னால் நடக்குமா?” என்பது ஒன்று. “தெரு முழுக்கப் போய்ச் சொன்னால் நடக்குமா?” என்பது மற்றொன்று. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு சாக்கடையோ, விளக்கோ, தண்ணீரோ ஏதாவது ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பத்து வீட்டையும் கிராமசபைக்கு அழைத்துப் போய்த் தீர்மானம் எழுத வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வீடுகளில் அதே இரண்டு கேள்விகளையும் மறுபடியும் கேளுங்கள். காரியம் நடந்த தெருவிலும், நடக்காத தெருவிலும் பதில் எப்படி மாறியிருக்கின்றது என்று சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். சீட்டில் பெயர் எழுத வேண்டாம். தெருவும், ஆணா பெண்ணா என்பதும் இருந்தால் போதும். அந்தச் சீட்டுகளை வைத்துக் கொண்டு அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.